மூன்கேக் டப்பாவும் மதுரைச் சீனியும்



இந்தக் காலாண்டு இதழுக்கு வரலாறு சார்ந்து ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். புரட்டாசியை ஒட்டி ஆண்டுதோறும் நம் பிளாக்குகளில் தலைகாட்டும் ஒரு பண்டத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் மூன்கேக்தான் அது.

டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் தகரம், மேலே நிலாவும் பூவும். உள்ளே பெரும்பாலும் நான்கு கேக்குகள், ஒவ்வொன்றின் தலையிலும் அச்சில் அழுத்திய சித்திர வேலை. டப்பாவுக்கு நம் வீடுகளில் நல்ல மரியாதை உண்டு. ஊசி நூலோ மாத்திரை அட்டைகளோ அதில் குடியேறிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் பண்டத்தைத் தொடத்தான் பலருக்கும் தயக்கம். "சீனாக்காரன் பண்டமாச்சே, புரட்டாசி மாசத்துல கவிச்சி ஏதும் கலந்திருக்குமா?" என்பது ஒரு கேள்வி. "எல்லையில மல்லுக்கு நிக்கிறவன் பலகாரம் நமக்கு எதுக்கு?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் லிஃப்ட் வாசலில் நான் கேட்டிருக்கிறேன்.

முதல் கேள்விக்கு டப்பாவின் பின்பக்கம் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். வங்கியில் பற்றும் வரவும் எழுதியே தலை நரைத்தவன் நான். இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்க்காமல் ஒரு கணக்கை மூட எனக்கு மனம் வராது. நமக்கும் சீனர்களுக்கும் உள்ள கணக்கை அப்படி ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.

எந்தப் பௌர்ணமி?

சீனர்களின் மாதம் அமாவாசையில் பிறக்கும். எட்டாம் மாதத்தின் பதினைந்தாம் நாள் அவர்களுடைய இலையுதிர்கால நிலா விழா. அன்று பௌர்ணமியோ, பௌர்ணமிக்கு ஒருநாள் முன்பின்னோ இருக்கும். நம் கணக்கில் அது ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ வரும். 2023இல் செப்டம்பர் 29, 2024இல் செப்டம்பர் 17. 2025இல் அக்டோபர் 6 வரை தள்ளிப் போயிற்று. சந்திர மாதங்களைச் சூரிய ஆண்டோடு பொருத்துவதற்காக அந்த ஆண்டு அவர்கள் ஆறாம் மாதத்தை இரண்டு முறை வைத்தார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் 'அதிக மாதம்' சேர்ப்பதும் இதே தேவைக்காகத்தான். அந்த 2025 அக்டோபர் 6 இரவில்தான் வட இந்தியர்கள் சரத் பூர்ணிமா கொண்டாடி, பால் பாயசத்தை நிலவொளியில் வைத்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

அறுவடைக் காலத்தின் பெரிய நிலாவைக் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதுதான் விழாவின் சாரம். டாங் அரசர் காலத்தில் நிலா பார்க்கும் வழக்கமாக இருந்தது, சோங் அரசர் காலத்தில் ஊர் கூடிக் கொண்டாடும் பண்டிகையாக வளர்ந்தது. எட்டாம் மாதம் பதினைந்தாம் நாளில் மூன்கேக்கை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள், அதற்குக் 'குடும்பம் ஒன்றுகூடுதல்' என்று பொருள் என மிங் காலத்து நூல் ஒன்று 16ஆம் நூற்றாண்டில் குறித்திருக்கிறது. வட்டத்தைக் குறிக்கும் சொல்லே சீன மொழியில் ஒன்றுகூடலைக் குறிக்கும் சொல்லிலும் இருக்கிறது. கேக் வட்டமாக இருப்பதன் காரணம் இது.

மங்கோலியர் ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் மூன்கேக்குக்குள் துண்டுச்சீட்டு வைத்துச் செய்தி அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. சொல்லச் சுவையான கதை. ஆனால் அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அது இல்லை.

நிலாவில் இருப்பது யார் என்பதில் மட்டும் அவர்களுக்கும் நமக்கும் பாதி ஒற்றுமை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பாட்டி வடை சுடுகிறாள். அவர்களுக்கு, சாகா மருந்தைக் குடித்துவிட்டு மேலே போன சாங் இ என்ற பெண் இருக்கிறாள், பக்கத்தில் ஒரு முயல் மருந்து இடிக்கிறது. முயல் நமக்கும் தெரிந்ததுதான். வடமொழியில் சந்திரனுக்குச் 'சசாங்கன்' என்று ஒரு பெயர் உண்டு, முயலை அடையாளமாக உடையவன் என்று பொருள். 2013 டிசம்பரில் சீனா நிலவில் இறக்கிய ஊர்திக்கும் அந்த முயலின் பெயரைத்தான் வைத்தார்கள்.

பூரணம்

இப்போது கேக்கைக் கத்தியால் வெட்டுவோம். தமிழ்நாட்டில் கிடைக்கும் கேக் போல இது மெத்தென்று இருக்காது. மெல்லிய மாவுத் தோலுக்குள் கெட்டியாக அடைத்த பூரணம்தான் முக்கால் பங்கு. கான்டன் பகுதி முறையில் தோலுக்குக் கோதுமை மாவு, சீனிப்பாகு, எண்ணெய், கொஞ்சம் காரநீர். உள்ளே தாமரை விதையை வேகவைத்து அரைத்து, சீனியும் எண்ணெயும் விட்டுச் சுருளக் கிளறிய விழுது. பாசிப்பயறு, சிவப்புப் பயறு, எள், ஐந்து வகைப் பருப்பு என்று பூரணம் பலவிதம். நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவை முழுசாக வைப்பார்கள். வெட்டினால் அதுதான் நிலா.

பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையையும், நம் ஊர் டீக்கடைச் சுசியத்தையும் அறிந்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. பருப்பை வேகவைத்து, இனிப்புச் சேர்த்துக் கிளறி, மாவுக்குள் பொதிவது. நாம் வேகவைக்கிறோம் அல்லது பொரிக்கிறோம், அவர்கள் அடுப்பில் சுடுகிறார்கள். பூரணம் என்ற சொல்லையும் கவனியுங்கள். பூரணமும் பௌர்ணமியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நிறைந்தது என்பதே இரண்டின் பொருளும். நிறைந்த நிலாவுக்கு நிறைத்த பண்டம் என்பதைச் சீனர்கள் வட்டத்தில் வைத்திருக்கிறார்கள், நாம் சொல்லில் வைத்திருக்கிறோம்.

சீனியின் கணக்கு

பூரணத்துக்குள் இருக்கும் சீனியின் கதை இன்னும் நீளம். சென்னையில் 'சக்கரை' என்பதை நாம் மதுரையில் 'சீனி' என்கிறோம். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் மளிகைக்கடையில் 'சக்கரை' கேட்டு, நாட்டுச்சர்க்கரையோடு வீடு திரும்புவது உண்டு. இந்தியில் 'சீனி' என்றால் சீனத்தைச் சேர்ந்தது என்று பொருள். எகிப்தின் பெயரால் கற்கண்டு வடக்கே 'மிஸ்ரி' ஆனது போல, சீனத்தின் பெயரால் வெள்ளைச் சர்க்கரை சீனி ஆனது.

ஆனால் கணக்கு அங்கே தொடங்கவில்லை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தையில் இந்தியா முந்தி நின்றது. கி.பி. 647 வாக்கில் டாங் பேரரசர் தாய்சோங், அந்த வித்தையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாற்று நூலே சொல்கிறது. நாம் சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் அதை வெளுப்பாக்கி, பின்னாளில் நமக்கே கப்பலில் அனுப்பினார்கள், சரக்கோடு பெயரும் வந்தது. அசலாகப் போனது வட்டியோடு திரும்பிய கணக்கு இது.

பெயரோடு வந்தவை வேறும் உண்டு. தென்மாவட்டச் சமையலறையின் சீனச்சட்டி, சித்த வைத்தியர் படிகாரத்துக்குச் சொல்லும் சீனக்காரம், தீபாவளிக்குக் கொளுத்தும் சீனவெடி. கடையில் கேட்கும்போது யாரும் எல்லைப் பிரச்சினையை நினைப்பதில்லை.

எட்டாம் மாதமும் சித்திரையும்

சரக்கு வந்தது என்றால் ஆளும் வந்திருக்க வேண்டும். வந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் கடல்வழியே பல நாடுகளைக் கண்ட வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, நம் கடற்கரையில் ஒரு சமவெளியில் செங்கல்லால் கட்டிய உயரமான கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அவ்விடம் நாகப்பட்டினம் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அந்தக் கோபுரத்தில் சீன எழுத்தில் ஒரு வரி இருந்தது. கட்டுமானம் முடிந்த ஆண்டும் மாதமும் அதில் இருந்தன. நம் கணக்கில் 1267ஆம் ஆண்டு. மாதம், எட்டாம் மாதம்.

நிலா விழா வரும் அதே மாதம். எந்தத் தேதியில் முடித்தார்கள் என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனாலும் சொந்த ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்த வணிகர்கள், தங்கள் மாதக் கணக்கை மறக்காமல் கல்லில் எழுதி வைத்தார்கள். நாகையில் 'சீனக் கோபுரம்' என்று மக்கள் அழைத்த மூன்று நிலைச் செங்கல் கட்டடம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை இடிந்த நிலையில் நின்றது. 1867இல் அதையும் இடித்துவிட்டார்கள்.

இது பற்று என்றால் வரவைப் பாருங்கள். அந்த 1267க்குப் பதினான்கு ஆண்டு கழித்து, 1281இல், சீனாவின் சுவான்சோ துறைமுக நகரில் தமிழர் ஒருவர் சிவன் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்தார். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அடியில் சீன எழுத்தும் உண்டு. அந்நாட்டு அரசரின் உடல் நலனுக்காகச் செய்த திருப்பணி என்று அது சொல்கிறது. கல்வெட்டு 'செகசை கான்' என்று குறிப்பிடும் அரசர் குப்லாய் கான் என்பது ஆய்வாளர் கருத்து. நாளும் பொறித்திருக்கிறார்கள்: சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம்.

மதுரைக்காரர்களுக்கு அந்த நாளை விளக்க வேண்டியதில்லை. சித்திரை மாதத்துச் சித்திரை நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அழகர் வைகையில் இறங்கும் பருவம். ஆற்று மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும் நிலாக்காலம். அப்போது மதுரையில் ஆட்சியில் இருந்தவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். சீனர் தம் எட்டாம் மாதத்தை நாகையில் எழுதி வைத்தார்கள், தமிழர் தம் சித்திரையைச் சுவான்சோவில் எழுதி வைத்தார்கள். அந்த ஊரின் புகழ்பெற்ற புத்தர் கோயிலான கையுவான் கோயிலில், கண்ணன் முதலான நம் தெய்வங்களைச் செதுக்கிய கல்தூண்கள் இன்றும் இருக்கின்றன.

இன்னொரு பதிவு இலங்கையில். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி, தெவிநுவரைப் பெருமாளுக்குப் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் காணிக்கை தந்ததைச் சொல்கிறது. 1911இல் காலி நகரில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது.

கணக்கில் ஒரு சிவப்பு மை

வெள்ளையர் காலத்தில் வணிகர்களோடு உழைப்பாளிகளும் வந்தார்கள். 1770களின் இறுதியில் அச்சியூ என்ற சீனர், கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுக் கரும்பு ஆலை தொடங்கினார். இந்தியச் சீனர்களின் கதை அங்கே, அதுவும் சீனியில், தொடங்குகிறது. அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். நம் மாநிலத்தில், தண்டனை பெற்று மலேயாப் பக்கத்திலிருந்து வந்த சீனக் கைதிகளை நீலகிரியின் நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்தில் வேலை செய்ய வைத்தார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்ததைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியிருக்கிறார்.

பிறகு 1962. எல்லைப் போர் மூண்டதும் அசாம், டார்ஜிலிங் பக்கங்களில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரைப் பிடித்து ரயிலேற்றி, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள், சீனத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள். சிலருக்கு விடுதலை 1967இல்தான் கிடைத்தது. திரும்பி வந்தபோது பலருடைய வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. ஏராளமானோர் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போனார்கள். கொல்கத்தாவின் தாங்ராவிலும் பழைய சீனர் தெருக்களிலும் எஞ்சியவர்கள் இன்று சில ஆயிரம் பேர் இருக்கலாம்.

நாடு போரில் இருந்தபோது அரசுக்கு இருந்த கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பல் வைத்தியம் பார்த்தவரும் செருப்புத் தைத்தவரும் எல்லையில் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வி கப்பலூர்க்காரர்களுக்கு எட்டாத ஒன்று அல்ல. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் 'நீ இந்நாட்டான் அல்ல' என்று அனுப்பப்பட்ட தமிழர்களை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. பக்கத்து உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. முகத்தையும் பேச்சையும் வைத்து ஒருவரை எதிரிக் கணக்கில் எழுதுவது எத்தனை குடும்பத்தைக் குலைக்கும் என்பதை அறிய நாம் தேவ்லி வரை போக வேண்டியதில்லை.

பகோடா தெரு

இதற்கு நேர் எதிரான காட்சி சிங்கப்பூரில். அங்கே நம்மவரின் மிகப் பழைய இந்துக் கோயில், 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். அது இருப்பது சைனாடவுனின் நடுவில், சவுத் பிரிட்ஜ் சாலையில். பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர். சீனக் கோபுரம் எதையும் வைத்து வந்த பெயர் இல்லை. மாரியம்மன் கோயில் கோபுரத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

எட்டாம் மாதம் வந்தால் அந்தச் சாலை நெடுகிலும் காகித விளக்கு அலங்காரம், கடைகளில் மூன்கேக் குவியல். சில வாரம் கழித்து, தீபாவளிக்கு முன்னால், அதே கோயிலில் தீமிதி. பூக்குழி இறங்கப் பக்தர்கள் வரிசையாக வரும் வழியில் சீனர்களும் நின்று பார்ப்பார்கள். அலுவலகங்களில் நிலா விழாவுக்கு மூன்கேக்கும், தீபாவளிக்கு முறுக்கும் கைமாறும். நம் பிள்ளைகள் கொண்டுவரும் டப்பாக்கள் பலவும் இப்படிச் சீன நண்பர்களோ முதலாளிகளோ கொடுத்தவை. எட்டு நூற்றாண்டுக்கு முன் நாகைக்கு வந்த எட்டாம் மாதம், இப்போது விமானத்தில் மதுரைக்கு வருகிறது. ஊர்ப்பெயரில் மட்டும் கப்பல் உள்ள நம் கப்பலூருக்கு, டோல்கேட்டைத் தாண்டி இதுவும் வந்து சேர்கிறது.

டப்பாவைத் திறக்கும் முன்

முதல் கேள்வியை விட்டுவிடவில்லை. மரபான மூன்கேக் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு உண்டு, பலவற்றில் முட்டையும் உண்டு. ஆகவே:

• சேர்மானப் பட்டியலை முழுதாகப் படியுங்கள். நம் நாட்டுப் பச்சைப் புள்ளி வெளிநாட்டு டப்பாவில் இருக்காது.

• ஹலால் முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்பு இல்லை என்று கொள்ளலாம். ஆனால் முட்டை இருக்கலாம், மேல்பூச்சில்கூட.

• முழுச் சைவ மூன்கேக்கும் கிடைக்கிறது. சைவ நோன்பிருக்கும் சீனப் பௌத்தர்கள் வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டார்கள். வாங்கிவரும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

• டப்பாவுக்குள் இருக்கும் சின்னப் பொட்டலம் ஈரம் உறிஞ்சி அல்லது காற்று உறிஞ்சி. குழந்தைகள் கையில் படாமல் முதலிலேயே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

• ஒரு முழுக் கேக் 180 கிராம் அளவில் இருக்கும். எண்ணெயும் சீனியும் நிறைய. சீனர்களே ஒருவர் ஒன்றைத் தனியாகத் தின்பதில்லை. எட்டுத் துண்டாக்கி, இனிப்பில்லாத தேநீரோடு பகிர்வார்கள். சுகர் மாத்திரை போடும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு துண்டே அதிகம்.

புரட்டாசி விரதம் இருப்பவர்கள் தொடவில்லை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டு வழக்கம் வீட்டு வழக்கம்தான். மாளய பட்சம் என்று தள்ளி வைப்பவர்களும் உண்டு, அதுவும் சரி. சாப்பிடுகிறவர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். குப்பைத் தொட்டியில் போடுவதும், கொண்டுவந்த பிள்ளையின் எதிரிலேயே முகம் சுளிப்பதும்தான் வேண்டாம். யாரோ ஒரு சீனக் குடும்பம், தன் வீட்டார் ஒன்றுகூடும் நாளில் நம் பிள்ளையையும் கணக்கில் சேர்த்துக் கொடுத்த பண்டம் அது.

2026இல் அந்த நிலா விழா செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. மழை இல்லாவிட்டால் நம் மொட்டை மாடியில் நிலா நன்றாகத் தெரியும். டப்பா வந்த வீட்டார் ஒரு தட்டில் வெட்டி எடுத்து வரட்டும், மற்றவர்கள் புளியோதரையோ சுசியமோ கொண்டு வரட்டும். பிளாஸ்க்கில் தேநீர் என் பொறுப்பு, சீனி தனியாக.